கம்பியில் இல்லாத ஊசி

சுங்காய் ஊரைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் போனால் இடது கைப்பக்கம் ஒரு செம்மண் பாதை பிரிகிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்துப் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோய்ப் பலகை மட்டும் சும்மா நிற்கிறது. பத்துமலை அந்தப் பாதையில் வேனைத் திருப்பியபோது காலை ஆறரை. வானம் அப்போதுதான் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மட்டைகள் கவிந்து கிடந்ததால் வேனின் விளக்கு எட்டும் தூரம் வரைக்கும்தான் உலகம் இருந்தது.

இந்த நேரத்தில் எழுந்து வருகிற ஆள் இல்லை அவன். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் உள்ள கார்ப் பட்டறையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பான். அதற்கு முன்னால் பசியாற நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய், கொஞ்சம் ஊர் வம்பு எல்லாம் ஆகவேண்டும். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினை மாற்றுகிற வேலைக்கென்றே ஈப்போ முழுக்கப் பெயர் வாங்கியவன். காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்குள் ஒரு மூன்று விநாடி சலசலப்பு கேட்டால், “மலையண்ணன்கிட்ட கொண்டு போ” என்று மற்ற மெக்கானிக்குகளே அனுப்பிவைப்பார்கள். அந்தப் பெயர்தான் அவனுடைய சொத்து. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்த அரை இருட்டில் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

முந்தாநாள் கருப்பம்மாள் போன் செய்திருந்தாள்.

“தம்பி, சின்னையா வீட்டம்மா பேசுறேன். ஒருதரம் வந்து இவரு காடியத் தொறந்து பாத்துட்டுப் போங்க லா. காலையில ஆறே முக்காலுக்கு முன்ன வந்துருங்க. அப்பத்தான் உங்களுக்கும் கேக்கும்.”

“என்னக்கா கேக்கும்?”

“வந்து கேளுங்க.”

தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி குடியிருந்த பழைய வீடு அது. தோட்டம் கைமாறியபோது சின்னையா வாங்கிப்போட்டது. பலகைச் சுவர், தகரக் கூரை, பக்கத்தில் காருக்கு ஒரு கொட்டகை. கொசுவர்த்திப் புகையும் ஈரச் செம்பனைக் குலையின் புளித்த வாடையும் கலந்து வந்தன. கொட்டகையில் நீலத் தார்ப்பாயின் கீழே கார் நின்றது. பின்பக்கம் லாரி மோதிப் பாதிக் காரே இல்லை. முன்பக்கமோ ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது.

வாசற்படியில் சுரேன் உட்கார்ந்திருந்தான். சின்னையாவின் ஒரே பிள்ளை, இருபத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு முன் சிலிம் ரிவர் பக்கம் நெடுஞ்சாலையில் இந்தக் காரை ஓட்டிப் போனவன் அவன்தான். பின் இருக்கையில் அப்பா சாய்ந்து படுத்திருந்தார். வலது ஓரத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. அப்பா அங்கேயே போய்விட்டார். மகன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான்.

‘எஞ்சின் தானா நின்னுச்சு’ என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. “தூங்கி அப்பனக் கொன்னவன் கொள்ளி வைக்கக் கூடாது” என்று பெரியப்பா ஐயாவு பிணத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஒரே பிள்ளை சுடுகாட்டு வேலியோரம் நிற்க, ஐயாவுவின் மகன் கொள்ளி வைத்தான்.

“வர்ற ஞாயித்துக்கெழம இவருக்கு ஆறாம் மாசப் படையல்” என்றாள் கருப்பம்மாள், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே. சின்ன உருவம், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். “அதையாவது எம்புள்ள கையால செய்யணும். காடில கோளாறுன்னு நீங்க சொன்னா பெரியவரு ஒத்துக்குவாரு. உங்க பேச்சுன்னா அவருக்கும் மதிப்பு. இல்ல, இவன்தான் கண்ணசந்துட்டான்னா அதையும் நான் தெரிஞ்சிக்கிறேன்.”

சுரேன் தலையைத் தூக்கவில்லை.

“அக்கா, ஏதோ கேக்கும்னீங்களே.”

“பானெட்டத் தொறங்க. மொதல்ல பேட்டரி இருக்கான்னு பாத்துக்கிடுங்க.”

பத்துமலை தார்ப்பாயை விலக்கி முன்மூடியைத் தூக்கினான். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு வயர்கள் பச்சைத் துரு பிடித்துத் தொங்கின. விபத்து நடந்த வாரமே சுரேன் அதைக் கழற்றி வேறு எதற்கோ கொடுத்துவிட்டானாம். கொட்டகை மூலையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் காரைப் பார்த்தபடி கிடந்தது.

செம்பனைக்குள் விடாமல் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒன்றாக நின்றன.

அப்புறம் அது வந்தது.

கர்ர்ர்ர்ரக்.

ஒரு தகர டப்பாவில் பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்குவதுபோல. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பிறகு அமைதி.

பத்துமலையின் கை முன்மூடியிலேயே இருந்தது. தகட்டின் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? இரவெல்லாம் நின்ற எஞ்சினில் எண்ணெய் கீழே இறங்கிவிடும். காலையில் கிளப்பும்போது செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனருக்கு எண்ணெய் ஏற மூன்று விநாடி ஆகும். செயின் தேய்ந்து நீண்டிருந்தால் அந்த மூன்று விநாடியும் சுவரில் அடித்துக்கொண்டு சலசலக்கும். அவனுக்குச் சோறு போடுகிற சத்தம் அது. ஆனால் இது கிளப்பாத எஞ்சின். பேட்டரி இல்லாத எஞ்சின்.

“தெனமும் இதே நேரந்தான். இவரு வேலைக்குக் கெளம்புற நேரம்” என்றாள் கருப்பம்மாள்.

பத்துமலை குனிந்து, கீழே உள்ள பெரிய நட்டில் ஸ்பானரை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தான். கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. உள்ளே எல்லாம் மோதிப் பூட்டிக்கொண்டிருந்தது. அந்த எஞ்சினை யாராலும் சுற்ற முடியாது.

அவனுக்கு வியர்த்தது. பேயை நினைத்து அல்ல. அதற்கு இன்னும் நேரம் இருந்தது. உள்ளே கிடப்பதை நினைத்து.

புது டென்ஷனர் பெட்டியிலிருந்து வரும்போதே அதை அமுக்கிப் பிடித்து, குறுக்கே விரல் நீளத்தில் ஒரு மெல்லிய எஃகு ஊசி செருகியிருக்கும். செயினைக் குறி பார்த்து மாட்டி, டென்ஷனரை முடுக்கி, கடைசியில் அந்த ஊசியை உருவ வேண்டும். உருவினால் ‘டக்’கென்று செயின் இறுகும். உருவிய ஊசியைப் பத்துமலை எறியமாட்டான். பட்டறைச் சுவரில் முனியாண்டி சாமி படத்துக்குக் கீழே ஒரு வளைந்த கம்பி, அதில் மாட்டிவைப்பான். ஒரு வேலைக்கு ஓர் ஊசி. ஊசி கம்பிக்கு ஏறினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. வந்துபோகிறவர்கள் அந்தக் கம்பியைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

செயின் மாற்றச் சின்னையாவின் கார் வந்த அன்றைக்கு அவர் பட்டறையிலேயே ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயின் ஏறியது. ஊசியை உருவினான், எண்ணெய்க் கையிலிருந்து அது வழுக்கியது. எங்கே போனதென்று தெரியவில்லை. டார்ச் அடித்தான், காந்தக் குச்சியை விட்டுத் துழாவினான். தரையில் தேடினான். மணி ஒன்றரை, பசி. வெளியே இன்னும் இரண்டு கார் நின்றது. தரையில்தான் விழுந்து எங்காவது உருண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைப் பொருத்தினான்.

அப்போதுதான் சின்னையா கேட்டார்.

“தம்பி, என்னமோ விழுந்துச்சே.”

“ஒன்னுமில்லண்ணே.”

அவர் நம்பினார். கம்பிக்கு அன்று ஊசி ஏறவில்லை. ஏழு வாரம் கழித்து விபத்துச் செய்தி வந்தபோது பத்துமலை முதலில் அந்தக் கம்பியைத்தான் பார்த்தான். பார்த்தவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. துக்கத்துக்குப் போய்ச் சுரேன் வேலியோரம் நின்றதையும் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்தான்.

வேறு யாராவது இந்த எஞ்சினைத் திறந்தால் ஊசி அகப்படும். தானே திறந்தால் ஊசி தன் பைக்குள் போகும். அதற்குத்தான் வந்திருந்தான்.

பத்து மணிவாக்கில் மூடி கழன்றது. அதற்குள் மேகம் இறங்கிக் கொட்டகைக்குள் சாயங்காலம்போல இருட்டியது. சுரேன் டார்ச்சைப் பிடித்தான். கருப்பம்மாள் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றாள். சிவப்பு நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் அவள் அதில் உட்காரவில்லை.

உள்ளே பார்த்ததும் பத்துமலைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செயினுக்கு அணை கொடுக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி உடைந்திருந்தது. செயின் இரண்டு பல் தாண்டிப் போயிருந்தது. கீழ்ப் பல்சக்கரத்தில் ஒரு பல் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின் அகலம் சரியாக அந்த ஊசியின் பருமன். எங்கோ ஒரு விளிம்பில் ஏழு வாரம் ஒட்டிக் கிடந்து, நெடுஞ்சாலை வேகத்தில் குலுங்கி விழுந்து, பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. சுரேன் தூங்கவில்லை. ஒரு நொடிகூடத் தூங்கவில்லை.

ஊசியைத் தேடினான். காந்தக் குச்சியை அடிவரைக்கும் விட்டான். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றித் துணியால் துடைத்தான். இல்லை. செயினை முழுதாகக் கழற்றித் தட்டில் போட்டான். அதிலும் இல்லை. மூடிய எஞ்சினுக்குள் போன ஊசி, மூடியபடியே காணாமல் போயிருந்தது.

உடைந்த பிளாஸ்டிக் துண்டை மட்டும் துணியோடு சேர்த்துச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“என்னண்ணே?” என்றான் சுரேன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை.

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. செயின் போட்டு ஏழு வாரத்தில் எஞ்சின் போனது என்றால் அடுத்த கேள்வி, போட்டது யார்? ஈப்போ முழுக்கப் போகும் அந்தப் பேச்சு. பத்துமலை கையைத் துடைத்தான்.

“செயின்ல ஒன்னும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு.”

கருப்பம்மாள் மகனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

“என் தப்புதான் மா” என்றான் சுரேன் மெதுவாக. “தூங்கிட்டேன் போல. யோசிச்சுப் பாத்தா எனக்கே சரியா ஞாபகம் இல்ல.”

செய்யாத குற்றத்தை ஒருவன் இவ்வளவு சாதாரணமாக எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதைப் பத்துமலை அதுவரை பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஸ்பானர்களை எடுத்துப் பையில் போடத் தொடங்கினான்.

மழை பெய்யத் தொடங்கியது. தகரத்தில் நாலு சொட்டு.

பிறகு நின்றது.

நாற்காலி முனகியது. கனத்த ஆள் ஒருவர் முன்னால் குனிந்து பார்க்கும்போது பிளாஸ்டிக் முனகுமே, அப்படி.

கர்ர்ர்ர்ரக்.

செயின் தட்டில் கிடந்தது. அது அசையவில்லை. சத்தம் வெறும் எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நிற்கவில்லை.

நாலு. ஐந்து. கருப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, பத்துமலையின் காலடியில், சிமெண்டுத் தரையில் ஏதோ சின்னதாக விழுந்தது. டிங். குனிந்து பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை.

அவன் கழுத்துக்குப் பின்னால் வெற்றிலைப் பாக்கு வாசனை வந்தது.

“தம்பி, என்னமோ விழுந்துச்சே.”

அன்று கேட்ட அதே குரல். கோபம் இல்லாத, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். அதுதான் தாங்கமுடியவில்லை.

“விழுந்துச்சுண்ணே” என்றான் பத்துமலை. “விழுந்துச்சு. ஊசி விழுந்துச்சு. நான்தான் எடுக்காம மூடிட்டேன்.”

சத்தம் நின்றது. மழை பெய்தது.

சட்டைப்பையிலிருந்து உடைந்த துண்டை எடுத்துக் கருப்பம்மாளின் முன்னால் வைத்தான். வெட்டுப்பட்ட பல்லை டார்ச் வெளிச்சத்தில் காட்டினான். ஊசி, கம்பி, பசி, சின்னையா கேட்டது, தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சுரேன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஆறு மாதமாக அழாதவன் என்று பிற்பாடு கருப்பம்மாள் சொன்னாள்.

அவள் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பவுடர் டப்பாவோடு வந்தாள்.

“ஆஸ்பத்திரியில இவரு கைய விரிக்கவே முடியல. கஷ்டப்பட்டு விரிச்சு இத எடுத்துக் குடுத்தாங்க. என்னன்னு தெரியாம சாமிப் படத்துக்குக் கீழ வச்சிருந்தேன். பாருங்க, உங்க சாமானா?”

டப்பாவைப் பத்துமலையின் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

நடுவில் வளைந்த எஃகு ஊசி. அதில் எண்ணெய் ஈரம் காயவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோலச் சூடாக இருந்தது.

“எஞ்சின நடுவுல யாராச்சும் தொறந்தாங்களா அக்கா?”

“நீங்க மூடினதுதான் தம்பி. இன்னைக்கு நீங்கதான் தொறந்தீங்க.”

“அன்னைக்கு முப்பது பேரு முன்னால எம்புள்ளயச் சொன்னாங்க” என்றாள் அவள். “அந்த முப்பது பேரும் ஞாயித்துக்கெழம வாராங்க. பன்னெண்டு மணிக்குப் படையல். நீங்க வந்து சொல்லணும்.”

“வாரேன்க்கா.”

“இதக் கொண்டு போங்க. இங்க இருக்க வேணாம்.”

பத்துமலை அந்த ஊசியை ஜெலாப்பாங்குக்குக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினான். நேராக இருந்த மற்ற ஊசிகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் கோணலாகத் தெரிந்தது. அன்றைக்கு அவன் கொடுத்த வாக்கு உண்மையான வாக்குதான். வெள்ளிக்கிழமை அது கொஞ்சம் இளைத்தது. சனிக்கிழமை, கருப்பம்மாளுக்கும் சுரேனுக்கும் உண்மை தெரிந்துவிட்டதே, அவர்களே சொல்லிக்கொள்ளட்டுமே என்று நினைத்தான். ஞாயிறு காலை, போனிலேயே ஐயாவுவிடம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். போனில் எவ்வளவு சொல்லலாம், எவ்வளவை விழுங்கலாம் என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டான். மனிதன் தனக்கென்று வரும்போது எவ்வளவு சாமர்த்தியசாலி.

பட்டறைக்கு மேல்மாடியில்தான் வீடு. மகள் தினேஸ்வரி தஞ்சோங் மாலிமில் படிக்கிறாள்; வெள்ளி வந்து ஞாயிறு திரும்புவாள். சிலிம் ரிவரைத் தாண்டித்தான் போகவேண்டும். காலை எட்டரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“ப்பா, கெளம்புறேன்.”

“மெதுவா போ. ஓரமா போ.”

அவள் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

கர்ர்ர்ர்ரக்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பத்துமலை தேத்தண்ணியைக் கீழே வைத்தான். மூன்று மாதத்துக்கு முன் அவனே செயின் மாற்றிய கார் அது. ஊசியை உருவி, பார்த்து, கம்பியில் மாட்டிய கார்.

தலையைத் திருப்பிக் கம்பியைப் பார்த்தான்.

நேர் ஊசிகள் எல்லாம் இருந்தன. கோணல் ஊசியைக் காணவில்லை.

“என்னப்பா சத்தம் அது?” என்று கேட்டாள் தினேஸ்வரி, கண்ணாடியை இறக்கி.

“அணை.”

“ஏன் ப்பா?”

“அணைச்சுட்டு சாவியக் குடு மா. வேன்ல ஏறு. ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரலாம்.”

அவளைப் பட்டறையில் விட்டுப்போகவும் அவனுக்கு மனம் வரவில்லை. வழியெல்லாம் அவள் கேட்டாள். சொல்ல வேண்டியதை ஒரே தடவைதான் சொல்ல முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பதினொன்றேகாலுக்கு அந்தச் செம்மண் பாதையில் வேன் திரும்பியது.

வீட்டுக் கூடத்தில் வாழையிலை விரித்துச் சின்னையாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். ஐயாவுவின் மகன் சூடத் தட்டோடு நின்றான். சுரேன் கதவுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். பத்துமலை முப்பது பேர் முன்னாலும், தன் மகளின் முன்னாலும், முதலிலிருந்து சொன்னான். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஊசியைப் பற்றிச் சொன்னான், தன் பொய்யைப் பற்றிச் சொன்னான்.

ஐயாவு அவன் முன்னால் வந்து நின்றார். பிறகு கேட்டார்.

“கொள்ளி வைக்கிறதுக்கு முன்னாலயே உனக்குத் தெரியுமா?”

“தெரியுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“பேரு போயிரும்னு.”

யாரோ ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள், அவ்வளவு மெதுவாக. தினேஸ்வரி அப்பாவின் பக்கத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்றாள். அந்த ஓர் அடியைப் பத்துமலை இன்றுவரை மறக்கவில்லை. ஐயாவு தன் மகன் கையிலிருந்த தட்டை வாங்கி, வாசலுக்குப் போய், சுரேனிடம் நீட்டினார். “வா பா. ஒங்கப்பன் காத்துக்கிட்டு இருக்கான்” என்றார்.

சுரேன் சூடம் ஏற்றினான். கூடத்தில் காற்றே இல்லாதபோதும் சுடர் கொட்டகைப் பக்கமாகச் சாய்ந்து எரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கருப்பம்மாள் போன் செய்தாள். “இன்னைக்குக் கேக்கல தம்பி” என்றாள். சொன்னதும் வைத்துவிட்டாள்.

அன்றே பத்துமலை மகளின் எஞ்சினைத் திறந்தான். மூன்று மாதமாக யார் கையும் படாத மூடி. போல்ட்டுகளில் அவன் வைத்த மஞ்சள் குறிகூட அழியவில்லை. உள்ளே, கீழ்ப் பல்சக்கரத்துக்கு ஒரு விரல் மேலே, விளிம்பில் அந்தக் கோணல் ஊசி உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் போதும். அதை எடுத்தபோது அவன் விரல் சுட்டது. கம்பியில் மாட்டி, குறடால் ஊசியின் இரண்டு முனையையும் கம்பியைச் சுற்றி முறுக்கி மூடினான்.

பேச்சு ஈப்போ முழுக்கத்தான் போனது. கார்கள் குறைந்தன. மெக்கானிக்குகள் இப்போது வேறு ஆளிடம் அனுப்புகிறார்கள். தினேஸ்வரி இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை, பிறகு வந்தாள். எல்லாவற்றையும் அவன் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

ஒரே ஒரு விஷயம். பட்டறையை மூடும்போது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டுவான். படையல் முடிந்த அந்த வாரம் ஒரு காலையில் கதவைத் தூக்கியபோது, சின்னையா அன்றைக்கு உட்கார்ந்திருந்த சிவப்பு நாற்காலி மட்டும் தனியாக, கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், எஞ்சினைப் பார்த்தபடி கிடந்தது. சங்கிலியின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாளிலிருந்து அவன் அதை எடுத்து அடுக்குவதை விட்டுவிட்டான்.

அந்த நாற்காலியில் இப்போது யாரையும் உட்கார விடுவதில்லை. எப்போதாவது ஒரு செயின் வேலை வருகிறது. குறி பார்க்கிறான், டென்ஷனரை முடுக்குகிறான், ஊசியை உருவிக் கம்பியில் மாட்டுகிறான். மூடியைப் பொருத்துவதற்கு முன்னால் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பி, வாடிக்கையாளர் காதில் விழாதபடி, “அண்ணே, எதாச்சும் விழுந்துச்சா?” என்று கேட்கிறான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

பெரும்பாலும் பதில் வருவதில்லை.